முதல் வருஷம் சேராதாம்

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் பூவைத்தான் படம் எடுக்கிறார்கள். பூ ஓடாது, கோபித்துக்கொள்ளாது, கண்ணை மூடிக்கொள்ளாது. நானும் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் காகிதப்பூச் செடியை மட்டும் நானூறு தடவை எடுத்திருப்பேன். அதில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை.

திவ்யதர்ஷினி, சமூக மன்றக் கண்காட்சிக்காக நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. தொடக்கநிலைப் பிரிவில் என் படத்துக்கு முதல் பரிசு என்று எழுதியிருந்தீர்கள். நன்றி. படத்துக்குக் கீழே ஒட்டுவதற்காக, அதை எப்படி எடுத்தேன் என்று நூற்றைம்பது சொற்களில் எழுதித் தரச் சொன்னீர்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது உதவியாக இருக்கும் என்றும் சொன்னீர்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், நூற்றைம்பதுக்குள் அடங்கவில்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். நீங்கள் எனக்கு முகம் தெரியாதவர் என்பதில் ஒரு வசதி இருக்கிறது.

முதலில் நீங்கள் கேட்ட விவரங்கள். ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு வினாடி. எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். தைப்பூசத்தன்று சிலிகி ரோட்டில், காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு எடுத்தது. காவடியைத் தோளில் தாங்கிக்கொண்டு கண்ணைப் பாதி மூடிச் சிரிப்பவன் என் நண்பன் கதிரேசன். இருவரும் தேசிய சேவையில் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள். இப்போது ஒரே புளோக், அவன் ஒன்பதாவது மாடி, நான் நான்காவது.

என் பெயர் மருதப்பன், வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருஷம் மின்தூக்கி பழுது பார்த்தேன். மின்தூக்கி ஓடும்போது அதைச் சரிசெய்தவனை யாரும் நினைக்கமாட்டார்கள், நின்றால் மட்டும் திட்டுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, என் மனைவி உட்லண்ட்ஸில் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள், வார இறுதியில்தான் வருவாள். வீட்டில் தனியாக இருந்தபோது ஒரு ஆசை வந்தது. நான் செய்த ஒன்றின் முன்னால் நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் யாக்கூப் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். கல்யாணப் படம் எடுக்கிறவர், நல்ல பொறுமைசாலி, வயதில் என்னைவிடச் சின்னவர். என்னுடைய காகிதப்பூக்களைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு பாடம் சொல்வார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள். படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். வெளிச்சம் வரும்வரை காத்திரு, வெளிச்சம் உனக்காகக் காத்திருக்காது. மண்டியிடு, தாழ்வான இடத்திலிருந்து பார்த்தால் சாதாரண ஆளும் பெரிய ஆளாகத் தெரிவான். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த முகத்தை எடு.

"தெரியாத ஆளு கேமராவப் பார்த்தா மூஞ்சிய மூடிக்குவாரு, அண்ணே. உங்கள நம்புறவர எடுங்க. அவரு உங்களப் பார்த்து மூடமாட்டாரு."

இந்தப் பாடத்தை நான் மறக்கவே இல்லை. என்னை அப்படி நம்புகிறவர் யார் என்று யோசித்தேன். கதிரேசன்தான்.

அவனுடைய வேண்டுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மகள் இனியாவுக்குப் பதினொரு வயதில் சிறுநீரகத்தில் கோளாறு வந்தது. முகமும் காலும் வீங்கி, குழந்தை மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தது. பிழைத்தால் மூன்று வருஷம் அலகுக் காவடி எடுக்கிறேன் என்று கதிரேசன் முருகனிடம் வேண்டிக்கொண்டான். பிழைத்தாள். முதல் வருஷம் எடுத்தான். அடுத்த இரண்டு வருஷம் கோவிட் காரணமாகக் காவடிக்கு அனுமதி இல்லை, பால்குடம் மட்டும்தான். இரண்டு வருஷமும் தவறாமல் போய்ப் பால் செலுத்தினான். காவடிக்கு மறுபடி அனுமதி வந்ததும் தொடர்ந்து இரண்டு வருஷம் எடுத்தான். ஆக மூன்று காவடி. கடன் தீர்ந்தது.

அந்த மூன்றாவது காவடியைத்தான் நான் முதல்முதலாகப் படம் எடுத்தேன். வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கதிரேசனுக்கு நீரிழிவு, காலில் உணர்ச்சி குறைவு. தார் சுடக்கூடாது என்று விடியும் முன்பே பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பிவிடுவான். இருட்டாக இருக்கிறதே என்று நான் ஷட்டரை முப்பதில் ஒரு பங்கு வினாடிக்குக் குறைத்து வைத்தேன். புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறுதான். படம் வெளிச்சமாக வரும், ஆனால் அசைகிற எல்லாம் கலைந்துவிடும். காவடி எடுப்பவன் ஆடிக்கொண்டே நடக்கிறான் என்பது எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினாறு படம். ஒன்றில்கூட அவனுக்கு முகம் இல்லை.

கதிரேசனிடம் காட்டியபோது அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படமா முக்கியம், முருகன் பார்த்திருப்பார், விடு என்றான். என்னால் அப்படி விட முடியவில்லை. அந்த முந்நூற்றுப் பதினாறில் ஒன்றில், முகம் கலைந்திருந்தாலும், அது எப்படிப்பட்ட முகமாக இருந்திருக்கும் என்று தெரிந்தது. அது என் கையிலிருந்து போய்விட்டது. அடுத்த வருஷம் கிடையாது. எத்தனையோ பேர் காவடி எடுக்கிறார்களே, வேறு யாரையாவது எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாக்கூப் சொன்ன பாடத்தைத்தான் நான் பதிலாகச் சொல்ல முடியும்.

இரண்டு வாரம் கழித்து, புளோக்குக்கு எதிரே இருக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் எப்போதும் போல் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர். பேச்சுவாக்கில் அவனே ஆரம்பித்தான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஆரம்பித்தது அவன்தான்.

"மருது, மூணு வருஷம்னு வேண்டிக்கிட்டேன். நடுவுல ரெண்டு வருஷம் காவடி இல்ல. கணக்கு சரியா வரும் லா?"

நான் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போகிறவன். குருக்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். சொன்னபடியே கேட்டேன். நல்ல கூட்டம், குருக்கள் விபூதித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார். "அந்த ரெண்டு வருஷமும் பால் செலுத்தியிருக்காரே, அது போதும். முருகன் என்ன வருகைப் பதிவேடு வெச்சுண்டா உக்காந்திருக்கார்? கடன் தீர்ந்துபோச்சு. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்கோ."

திரும்பி ரயிலில் வந்தேன். லிட்டில் இந்தியாவிலிருந்து சுவா சூ காங் வரை எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் குருக்கள் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது மாடிக்குப் போய் மணியை அடித்தேன். கதிரேசன் கதவைத் திறந்தான். என்ன சொன்னார் என்று கேட்டான்.

"நடுவுல விட்டா முதல் வருஷம் சேராதாம்."

இவ்வளவுதான் சொன்னேன். கெட்டவார்த்தை இல்லை, மிரட்டல் இல்லை. சொல்லி முடித்த பிறகு, வேறு ஒருவர் சொன்னதுபோல் இருந்தது. அவன் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, சரி, இன்னும் ஒண்ணுதானே, எடுத்துடலாம் என்றான். கேட்டுச் சொன்னதற்கு எனக்கு நன்றியும் சொன்னான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன்.

அவன் மனைவி தவமணி கீழே இறங்கி வந்து என்னைப் பார்த்தாள். அது அடுத்த தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது. கதிரேசனின் குதிகாலில் ஒரு சின்னப் புண் வந்து, ஆறி, மறுபடி வந்திருந்தது. பாலிகிளினிக் தாதி, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது, ஆணி ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். அவனோ விரதத்துக்குத் தேதி குறித்துக்கொண்டிருக்கிறானாம்.

"நீங்க சொன்னா கேப்பாரு, அண்ணே. வேற யாரு சொன்னாலும் கேக்கமாட்டாரு."

பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேசவும் செய்தேன். அதனால்தான் நான் பொய் சொன்னவன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அதே கோப்பிக்கடையில், அதே மேசையில் அவனிடம் சொன்னேன்: கால்தான் முக்கியம், எடுக்காதே. எடுக்காவிட்டால் இனியாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது, பயப்படாதே.

இனியாவின் பெயரை அதுவரை யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகும் என்று அவன் நினைத்திருக்கவும் இல்லை. நான் சொன்ன பிறகு அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போனான். மறுநாள் விரதம் எப்போது தொடங்குகிறது என்பதை என்னிடம் வந்து சொன்னான். தவமணியிடம் நான், பேசிப் பார்த்தேன், கேட்கவில்லை என்றேன். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை.

யாக்கூப்பிடம் பழைய முந்நூற்றுப் பதினாறையும் காட்டியிருந்தேன். அவர் ஒன்றிரண்டைப் பார்த்ததுமே, இருட்டில் கையால் பிடித்து இப்படி எடுக்க முடியாது, இந்த மாதிரிப் படத்துக்குக் காலை வெளிச்சம் வேண்டும், பக்கவாட்டில் விழ வேண்டும் என்றார். அவர் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி மட்டும். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. காவடி எடுப்பவர்கள் இணையத்தில் நேரம் பதிந்துகொள்ள வேண்டும். கதிரேசனுக்கு அதெல்லாம் வராது, எப்போதும் நான்தான் பதிந்து கொடுப்பேன். இந்த முறை ஏழு மணிக்கு மேல் கிளம்புகிற மாதிரிப் பதிந்தேன். விடியற்காலை நேரமெல்லாம் நிறைந்துவிட்டது என்று சொன்னேன். நிறையவில்லை.

பாடங்களை நான் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன் என்பதைப் புதியவர்களுக்கு நீங்கள் சொல்லலாம். தைப்பூசத்துக்கு முன் ஆறு நாள் காலையில், காவடி போகும் வழியில், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை தனியாக நடந்தேன். சிராங்கூன் ரோட்டில் வெளிச்சம் கடைகளின் மேல்மாடியோடு நின்றுவிடுகிறது. டோபி காட் பகுதியில் நிழல் அதிகம். சிலிகி ரோட்டில் ஒரு இடத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, எட்டு நாற்பத்தைந்திலிருந்து ஒன்பது வரை வெயில் ஒரு பட்டையாகச் சாலையில் விழுகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் கதிரேசன் அங்கே இருக்க வேண்டும். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அன்று காலை எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அலகு குத்தும்போது அவன் முகத்தைச் சுளிக்கவில்லை. இனியா பக்கத்தில் நின்று வேல் வேல் என்றாள். பதினேழு வயது, அப்பாவைப் போலவே உயரம். தவமணி மஞ்சள் சேலையில் பின்னால் நடந்தாள். அவள் தம்பி வெங்கட் சாலையில் ஊற்றுவதற்கு இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தான். காவடி எழுந்தது. மயில் பீலி எல்லாம் ஒரு தடவை குலுங்கி நின்றது. நான் முன்னால் ஓடிப்போய் மண்டியிட்டுக்கொண்டேன்.

மண்டியிட்டதால்தான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் முகத்தையும் காவடியையும் பார்த்தார்கள். என் கண் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருந்தது. கோயில் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும், அவன் வலது குதிகால் பட்ட இடத்தில் தாரில் ஒரு ஈரம் தெரிந்தது. வியர்வை என்று நினைத்தேன். எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வியர்வை இல்லை. மணி எட்டு இருபது.

கதிரேசன் சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு வலிக்கவில்லை. வலிக்காது என்பதுதான் அவனுடைய நோய். தவமணி கூட்டத்தில் நாலைந்து பேருக்குப் பின்னால் இருந்தாள். கைநீட்டி அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்பதைச் சத்தியமாகச் சொல்வேன். சிலிகி ரோட்டுக்கு இன்னும் அரைமணி நேரம். அரைமணிக்குள் என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். சிலிகி ரோடு தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன்.

பிறகு வெங்கட்டிடம் போனேன். தரை சூடாக இருக்கிறது, மாமா காலில் நிறைய ஊற்று, விடாமல் ஊற்று என்றேன். அவன் ஊற்றினான். காலடித் தடம் எல்லாம் அவ்வப்போதே தண்ணீரில் கரைந்து போனது. கதிரேசன் கால் குளிரட்டும் என்றுதான் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நனைந்த தார் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பித் தரும் என்பதையும் நான் அறிந்திருந்தேன்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு அவன் அந்த வெயில் பட்டைக்குள் வந்தான். பதினொரு படம் எடுத்தேன். உங்கள் சுவரில் தொங்கப்போவது ஏழாவது. நடுவர்கள் அதைப் பற்றி எழுதியதை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள்: இந்த முகத்தில் பூரண நம்பிக்கை தெரிகிறது. சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த நொடியில் அவன் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

சிலிகி ரோடு தாண்டியது. டோபி காட் வந்தது. நான் சொல்லவில்லை. அங்கே வெளிச்சம் மோசமாக இருந்தாலும் இனியாவும் அவனும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று கிடைக்கும் போலிருந்தது. கிளமென்சோ அவென்யூவில், டேங்க் ரோடு கோயிலுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது, முதலுதவித் தொண்டூழியம் செய்ய வந்த ஒரு சின்னப் பெண், சீனப் பெண், கதிரேசன் காலைக் காட்டி நிற்கச் சொன்னாள். அதற்குள் வெங்கட்டிடம் தண்ணீர் தீர்ந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாலையில் தடம் வரிசையாக இருந்தது.

அவன் நிற்க மறுத்தான். கோயில் கண்ணுக்குத் தெரியுது, விடுங்க என்றான். தவமணி சாலையிலேயே உட்கார்ந்து அவன் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் அவனால் நகர முடியவில்லை. நடைபாதையில் வைத்து அலகு ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இனியா பாலை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். கதிரேசன் அழுதான். காலுக்காக அழவில்லை.

அப்போது நான் படம் எடுக்கவில்லை. என்னிடமும் ஈரம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மெமரி கார்டும் நிறைந்திருந்தது.

தாரில் விரல்களும் வெந்திருந்தன, மருத்துவமனையில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். கிருமி மேலே ஏறியது. மூன்றாவது வாரம், கால் போகும் அல்லது உயிர் போகும் என்று டாக்டர் சொன்னார். நான் தினமும் போனேன். தவமணிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், இனியாவைப் பள்ளிக்கு அழைத்துப் போய் விட்டேன். அந்த மூன்று வாரமும் தூக்கம் இல்லை. குற்றம் செய்தவனுக்கு நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, வலித்தது. கட்டிலின் கால்மாட்டில் நிற்க முடியாமல் எப்போதும் தலைமாட்டில் நின்றேன்.

அதே மூன்றாவது வாரம்தான் உங்கள் கண்காட்சிக்குப் படம் அனுப்பக் கடைசி நாள் வந்தது. ஏழாவது படத்தில் எல்லாம் சரி, கீழே ஓரத்தில் அந்தக் கால் மட்டும் தெரிந்தது. தண்ணீர் ஊற்றியும் சிவப்பு தெரிந்தது. பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும். யாக்கூப்பிடம், கீழே கூட்டம் நெரிசலாக இருக்கிறது, எந்த இடத்தில் வெட்டுவது என்று தொலைபேசியில் கேட்டேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"மூட்டுல வெட்டாதீங்க, அண்ணே, ஆளு முடமாத் தெரிவாரு. முட்டிக்குக் கொஞ்சம் கீழ வெட்டுங்க."

அப்படியே வெட்டி அனுப்பினேன். மறுநாள் காலை மருத்துவமனையில், டாக்டர் ஊதாப் பேனாவால் கதிரேசனின் காலில், முட்டிக்கு நாலு விரல் கீழே, ஒரு கோடு போட்டுவைத்திருந்தார். நான் வெளியே போய்த் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஆமினா பீவி என்ற ஒரு தாதி, உங்களுக்கு என்ன ஆச்சு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இதெல்லாம் நடந்து பல மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது மாடிக்குப் போனேன். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கும்படி தவமணி கேட்டிருந்தாள், கொடுத்திருந்தேன். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். மாலையில் விளக்கேற்றும்போது வெளிச்சம் படத்தின்மேலும் விழுகிறது. கதிரேசன் செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம், அந்த ஏழாவது படத்தில் இருப்பது போலவே, திறந்தது.

"நீ மட்டும் அன்னிக்குக் கேட்டுச் சொல்லலன்னா முருகன் கடன் அப்படியே நின்னிருக்கும்டா. கால் போனா போவுது. இனியா நல்லா இருக்கா இல்ல?"

நான் தலையாட்டினேன். தவமணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆனா நான் கோயிலுக்குள்ள போகல, மருது. அந்த வருஷம் சேருமா? சேராதுன்னா மறுபடியும் முதல்லேர்ந்து எடுக்கணும். சக்கர நாற்காலில உக்காந்து எடுக்கலாமான்னு குருக்கள்கிட்ட கேட்டுச் சொல்றியா?"

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. தவமணி வாசலில் வந்து நின்று, ஈரக்கையோடு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். கடன் அப்போதே தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் முடிந்தது.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திவ்யதர்ஷினி, செய்தவன் நான்தான். குருக்கள் சொன்னதை மாற்றிச் சொன்னேன். தார் சுடுகிற நேரத்தைப் பதிந்தேன். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினேன். இரத்தத்தைக் கண்டும் வாயைத் திறக்கவில்லை, தண்ணீர் ஊற்றி மறைத்தேன். கடைசியில் படத்திலிருந்தும் வெட்டிவிட்டேன். இதைக் கதிரேசனிடம் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். மகளுக்காகக் கால் போயிற்று என்று அவன் நிம்மதியாக இருக்கிறான். ஒரு படத்துக்காகப் போயிற்று என்று தெரிந்தால் அவனுக்கு என்ன மிஞ்சும்? அவன் நிம்மதியைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. அவனுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன். அந்தப் பாரத்தை நானே சுமக்கிறேன், அதுவும் ஒரு தண்டனைதான்.

படத்துக்குக் கீழே ஒட்டுவதற்கான நூற்றைம்பது சொற்களைத் தனியாக இணைத்திருக்கிறேன். அதில் இவை எதுவும் இல்லை. இதைப் படித்த பிறகு படத்தை எடுத்துவிடுவது என்று நீங்கள் முடிவு செய்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மாட்டுவதாக இருந்தால் ஜன்னலுக்கு எதிரே மட்டும் வேண்டாம், கண்ணாடியில் வெளிச்சம் அடித்து முகம் தெரியாமல் போய்விடும்.

குருக்களிடம் இன்னும் போகவில்லை. யாக்கூப்பிடம் கேட்டுவிட்டேன். சக்கர நாற்காலியில் காவடி என்றால் உயரம் குறையுமாம், கூட்டம் மறைக்குமாம், மிக அருகில் நின்றுதான் எடுக்க வேண்டுமாம். அதற்கு முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் சரியாக இருக்குமாம்.